ஸ்கோர் நோட்டு வைத்திருந்தவருக்கும் ஒரு மாலை
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், விஸ்கான்சினில் வேலை பார்க்கிறாள். அங்கே பக்கத்துத் தேவாலயத்தில் டார்ட்பால் என்று ஒன்று ஆடுகிறார்களாம். ரொம்ப வருஷம் ஆடிய பெரியவர்களையும் லீக் நடத்தியவர்களையும் கூப்பிட்டு மரியாதை செய்தார்களாம். அது என்ன விளையாட்டு?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: பேஸ்பாலை அறைக்குள் கொண்டுவந்தால் அதுதான் டார்ட்பால். சுவரில் ஒரு பெரிய பலகை, அதில் பேஸ்பால் மைதானம் மாதிரிக் கட்டங்கள். எறிந்த அம்பு எந்தக் கட்டத்தில் குத்துகிறதோ அதைப் பொறுத்து ஒரு பேஸ் (ஓடித் தொட வேண்டிய முனை), இரண்டு பேஸ், எல்லா முனையையும் சுற்றி வருகிற ஹோம் ரன் அல்லது அவுட். மூன்று அவுட் ஆனால் அடுத்த அணி எறிய வரும், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். விஸ்கான்சின் பக்கம் குளிர்காலத்தில் தேவாலயக் கூடங்களில் சாதாரண மனிதர்கள் கூடி ஆடுவது, காசுக்காக யாரும் ஆடுவதில்லை.

அம்பு எறிவது என்றாலே நமக்கு பால் லிம் ஞாபகம் வரும். சிங்கப்பூரில் பிறந்தவர், 1990 உலக டார்ட்ஸ் போட்டியில் 501 புள்ளியை ஒன்பதே அம்பில் முடித்தார், உலகப் போட்டியில் அதை முதன்முதலில் செய்து காட்டியவர் அவர்தான். அவரை உலகத்துக்கே தெரியும். உங்கள் மகள் பார்த்த பெரியவர்களை அந்தக் கூடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அதனால்தான் அந்தக் கூடமே எழுந்து நின்று அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டியிருக்கிறது. மகளிடம் கேட்டு, படம் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக் கீழே வெள்ளிக்கிழமை ராத்திரி கேரம் ஆடுவோம், வருஷத்துக்கு ஒரு லீக் நடக்கும். ஒரு மாமாதான் இருபது வருஷத்துக்கு மேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். பலகை அவர் வீட்டில்தான் இருக்கிறது. அவருக்கு விழா எடுக்கலாம் என்றால், "அவர் ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லையே" என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: தயங்காமல் எடுங்கள், இந்த வருஷமே எடுங்கள்.

கோப்பை ஜெயிக்கவில்லை என்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ஒற்றைப்படையில் ஆள் வந்தால் யார் ஒதுங்கி உட்கார்ந்தது? சிவப்பைப் போட்டவர் ஃபாலோ (அடுத்து உடனே போட வேண்டிய தன் காய்) போட்டாரா இல்லையா என்று சண்டை வந்தபோது யார் தீர்த்து வைத்தது? நடத்துகிறவருக்கு ஆடவே நேரம் கிடைக்காது. பவுடர் வாங்குவது, பத்தொன்பது காயும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது, ஆட்டம் 25 புள்ளிக்கா எட்டு போர்டுக்கா (எட்டுச் சுற்றுக்கா) என்று முதலிலேயே எல்லாருக்கும் சொல்வது, வராதவனுக்கு போன் போடுவது, இதெல்லாம் முடிந்து அவர் உட்காரும்போது மணி பத்தரை ஆகியிருக்கும், மேல் மாடியிலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனார், 1996இல் அர்ஜுனா விருது வாங்கினார். அப்படிப்பட்டவர்கள் வளரவும் எங்கோ ஒருவர் பலகையை விரித்து வைத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன டார்ட்பாலுக்குத் தாய் பேஸ்பால்தானே, அதில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றம் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் இருக்கிறது. 1936இல் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆட்டக்காரர் என்றால் குறைந்தது பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். ஆனால் நடுவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் எத்தனை ஹோம் ரன் என்று கேட்பதில்லை. நீங்களும் அப்படி ஆடியவர், நடத்தியவர் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வாக்குவாதம் அதோடு நின்றுவிடும். நம் சிங்கப்பூரிலும் தேசிய தின விருதுப் பட்டியலில் பொதுச் சேவைப் பதக்கம் வாங்குகிறவர்களில் அக்கம்பக்கத்தில் தொண்டு செய்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் மாமாவிடமே போய், அவருக்கு முன்னால் யார் நடத்தினார்கள், கூட யார் நின்றார்கள் என்று கேளுங்கள். நிச்சயம் நாலு பெயர் சொல்வார், அதில் ஒருவர் செங்காங்குக்கோ உட்லண்ட்ஸுக்கோ வீடு மாறிப் போயிருப்பார். அவர்களையும் தேடிப் பிடித்துக் கூப்பிடுங்கள். தனியாக நாற்காலியில் உட்கார வைத்தால் கூச்சப்படுகிற மனிதர், பழைய ஆட்கள் பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுச் சிரிப்பார். அப்புறம் அவர் வீட்டு அக்காவை மறந்துவிடாதீர்கள், இருபது வருஷமாக அந்தப் பலகை நிற்பது அவர் கூட்டிப் பெருக்குகிற ஹாலில்தான்.

பேச்சை ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் பேசட்டும். "தன்னலமற்ற சேவை" என்று ஆரம்பிக்க வேண்டாம், நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினர் வந்தால் நல்லது, ஆனால் பொன்னாடை முதலில் மாமாவுக்கு. விருந்தினர், செயலாளர், பொருளாளர் என்று ஒவ்வொருவருக்கும் போர்த்திவிட்டு, பாதிக் கூட்டம் பிரியாணி வரிசைக்குப் போன பிறகு பெரியவரைக் கூப்பிடுகிற விழாக்களை நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கு அது தாங்காது.

இன்னொன்று, பெயர். பல வருஷத்துக்கு முன் நானும் நண்பர்களும் ஒரு கால்பந்து அண்ணனுக்குக் கேடயம் கொடுத்தோம். பெயரில் ர வர வேண்டிய இடத்தில் ற அடித்திருந்தது, அப்பா பெயரின் முதலெழுத்தும் தப்பு. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். ரொம்ப நாள் கழித்து அவர் மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அதைத் திருத்தித் தரக்கூட எங்களால் முடியவில்லை, கேடயம் செய்த கடையை மூடிவிட்டார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் வீட்டாரிடம் எழுதிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்) நாற்காலி, மைக் எல்லாம் போடுவதாக இருந்தால் நகர மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விழாவன்று ராத்திரி மாமா எந்த வேலையும் செய்யக் கூடாது. நோட்டை வேறொருவர் எழுதட்டும், பலகையை வேறொருவர் தூக்கட்டும், அவர் உட்கார்ந்து ஆசைதீர ஆடட்டும். இதை ஓய்வு பெறும் விழா மாதிரி ஆக்கிவிடாதீர்கள், அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் வர வேண்டும்.

கேள்வி: இப்படி லீக் நடத்தியவருக்குப் பரிசாகக் கேடயமா, பணமா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: பணம் வேண்டாம், இத்தனை வருஷம் செய்ததற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பழைய ஸ்கோர் நோட்டுகள் இருந்தால் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து ஒரு புத்தகமாகக் கட்டிக் கொடுங்கள்.

கேள்வி: அப்பா இருபத்தைந்து வருஷம் கபடிக் குழு நடத்தினார். "மேடை எல்லாம் எனக்கு வேண்டாம்மா" என்கிறார். வற்புறுத்தலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வற்புறுத்தாதீர்கள் தங்கச்சி. அவரோடு ஆடிய நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சாப்பாடு போடுங்கள், அவர்கள் பேச ஆரம்பித்ததும் போனை ரெக்கார்டில் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள்.