நிலப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், அவள் சித்தப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார், பணத்துக்கு நிலத்தை அடமானம் வைக்க யோசிக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பிள்ளை கேட்காத படிப்புக்குக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டி கட்டப்போவது சித்தப்பா இல்லை, நீங்கள்.

"பொருளை மறைக்கிற போர்வை" என்று அவள் சொன்னதைக் கேட்டு வீட்டில் சிரித்தார்களாம். சிரிக்க வேண்டியதில்லை. மெட்டாமெட்டீரியல் என்கிற துறை அது. கண்ணாடி ஒளியை எப்படி வளைக்கும் என்பதை அதன் அணுக்கள் தீர்மானிக்கின்றன. இங்கே அந்த வேலையை நாம் வரைகிற வடிவம் செய்கிறது. ரேடியோவுக்குள் இருக்கும் பச்சை சர்க்யூட் போர்டு மாதிரி ஒன்றில், சில மில்லிமீட்டர் அகலச் செம்பு வளையங்களை வரிசையாகப் பதிப்பார்கள். ஒவ்வொரு வளையத்திலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வளையம் மின்தூண்டி, வெட்டு மின்தேக்கி. பிளஸ் டூ பாடத்தில் அவள் படித்த அதே எல்.சி. சுற்று. 10 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். அதற்கு இந்த வளையங்கள் தனித்தனியாகத் தெரியாது, மொத்தமாக ஒரே பொருளாகத்தான் தெரியும். வளையங்களோடு மெல்லிய கம்பிகளையும் சேர்த்தால் அலை வழக்கத்துக்கு நேர்மாறாகத் திரும்பும்.

இப்படி நடக்கலாம் என்று ரஷ்ய இயற்பியலாளர் வெசெலாகோ 1967இல் எழுதினார். வளைய யோசனையை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் பென்ட்ரி 1999இல் தந்தார். 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், அலையைச் சுற்றி வளைத்து அனுப்பி, ஒரு செம்பு உருளையை மைக்ரோவேவ் அலையிலிருந்து மறைத்தார்கள். கண்ணிலிருந்து அல்ல, இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நம் நாட்டில் ஜகதீஷ் சந்திர போஸ் 1898இலேயே முறுக்கிய சணல் கட்டுக்குள் மைக்ரோவேவ் அலையைச் செலுத்தி, அந்த முறுக்கு வடிவத்தாலேயே அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிக் காட்டியவர். ரேடார் கண்ணில் படாமல் மறைக்கும் மெட்டாமெட்டீரியல் துணியை ஐஐடி கான்பூர் 2024இல் வெளியிட்டது.

சரி, வழி என்ன? அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். அங்கே கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு, அதாவது எம்.எஸ்சி. சேர்க்கைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். அதில் தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி., அல்லது பெங்களூர் ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய். பிளஸ் டூ போர்டில் முதல் ஒரு சதவீதத்தில் வந்திருந்தால் அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அவள் மதிப்பெண் அதற்குள் வருகிறதா என்று உடனே பாருங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்த ஆராய்ச்சி வேலை கிடைக்காது. மூன்று வருடத்தில் அவள் சம்பளம் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் அதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கணக்கும் நிறைய வரும். இந்த விடுமுறையில் வெக்டர் கால்குலஸ் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், இந்த அலைகளுக்கு வேண்டிய கணக்கு அதுதான். யாரும் சொல்லாமலே அவள் அதோடு உட்கார்ந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது ஆய்வகத்தில் மைக்ரோவேவ் பெஞ்ச் (இந்த அலைகளை வைத்துச் சோதனை செய்யும் கருவி) இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், சித்தப்பாவை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.