தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 2604

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் வீடு மாறும்போது, பல வருடங்களுக்கு முன் காலமான தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஜப்பானிய முத்திரை குத்திய ஓர் அட்டை, சீருடையில் எடுத்த படம், குண்டூசி குத்திய சில ரசீதுகள் இருந்தன. அட்டையில் 2604.3.12 என்று இருக்கிறது. 1942இல் ஊரில் போலீஸ் தேடியதால் கப்பலேறி இங்கு வந்தார், பிறகு நேதாஜி படையோடு பர்மா போனார் என்கிறார் அத்தை. எப்படி உறுதி செய்வது? பேரப்பிள்ளைகளுக்கு இந்திய அரசின் பென்ஷன் உண்டா?

பதில்: 2604 ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660ஐக் கழித்தால் 1944. ஆண்டு, மாதம், நாள் என்பது அவர்கள் வரிசை. ஆகவே 12 மார்ச் 1944. ஆனால் மலாயா ஜப்பானியர் கையில் இருந்த அந்த மூன்றரை வருடமும் இங்கே யார் கையில் இருந்த காகிதத்திலும் ஜப்பானிய முத்திரைதான். அதை மட்டும் வைத்து அவரைப் படைவீரர் என்று சொல்ல முடியாது. நேதாஜி படைக்கு ஆளும் பணமும் திரட்டிய இந்திய சுதந்திர லீக்கின் பெயர், படையின் சின்னமான பாயும் புலி, ‘இத்திஃபாக், இத்மாத், குர்பானி’ (ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்) என்ற படை முழக்கம், இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் லீக் பெயர் இருந்தால் நன்கொடை கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ‘சியோனான்’ என்று எங்காவது இருந்தால் அது சிங்கப்பூர்.

அத்தை சொன்னதில் ஆண்டு இடிக்கிறது. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் 1942 ஆகஸ்டில். பினாங்கோ 1941 டிசம்பரிலேயே ஜப்பானியரிடம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கப்பல் ஏது? அத்தை கதை விடுகிறார் என்று அர்த்தமில்லை. 1930இன் வேதாரண்ய உப்புச் சத்தியாகிரகத்திலோ 1940-41இன் தனிநபர் சத்தியாகிரகத்திலோ சம்பந்தப்பட்டுவிட்டு, போர் வருமுன் வந்திருக்கலாம். ‘நாடு கடத்தினார்கள்’ என்று வீட்டில் பேச்சு உண்டென்றால் எங்கிருந்து எங்கே என்றும் கேளுங்கள். 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதனை இங்கிருந்துதான் இந்தியாவுக்குக் கடத்தினார்கள்.

‘பர்மா போனார்’ என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனதும் அதே பேச்சில்தான் சொல்லப்படும். அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். இம்பால் போர் 1944இல். எனவே அத்தையிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், வருவது குழப்பமாகத்தான் இருக்கும். கூட்டிப்போனது கங்காணியா, லீக்காரரா? பயிற்சி முகாம் எங்கே? போர் முடிந்து வெள்ளைக்காரன் விசாரித்தானா? இவற்றுக்கு வரும் பதிலில் விடை தெரிந்துவிடும்.

ஆவணம் தேடும்முன் பெயரின் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எழுதி வையுங்கள். ‘முத்துசாமி’ ஒன்றே ‘யு’ போட்டும் இரட்டை ‘ஓ’ போட்டும் வரும். அப்பா பெயர், கிராமம், தாலுகா கட்டாயம் வேண்டும். வெறும் முத்துசாமி ஆயிரம் பேர். டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் போர் அலுவலகக் கோப்புகளான டபிள்யூஓ 208 வரிசையைப் பாருங்கள். பிரிட்டிஷ் உளவுத்துறை நேதாஜி படையினரை ‘ஜிஃப்’ என்றே குறித்தது, அந்தச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். ஊரில் சிறை சென்ற கதை என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். சாதாரணச் சிப்பாயின் பெயர் கோப்புகளில் அகப்படுவது அரிது. கிடைக்கவில்லை என்பதால் அவர் போகவில்லை என்று ஆகாது.

1972இல் தொடங்கிய தியாகிகள் பென்ஷனில் பேரப்பிள்ளைகளுக்கு இடமில்லை. தியாகிக்குப் பின் மனைவி அல்லது கணவர், மணமாகாத மகள், பெற்றோர், இவர்களுக்கு மட்டுமே. அத்தை மணமாகாதவர் என்றால் விசாரிக்கலாம். அப்போதும் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்பார்கள். ‘வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இருபுறமும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, எங்கும் நகலையே அனுப்புங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுத்தால் தாளும் கிழிந்து வரும். ஊசிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் துண்டு ஒன்றைச் செருகி, துருவை மெல்லத் தளர்த்தி, குத்திய வழியிலேயே உருவுங்கள். அசையவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.