வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வைத்தே ஆக வேண்டும் என்று பெரியப்பாவும் அத்தையும் நெருக்க, வீட்டை அடமானம் வைக்கும் யோசனை வரை போய்விட்டார். மகளோ, "எனக்குப் பாடம் நடத்தணும், சாஃப்ட்வேர்ல தப்பு எப்படி வருதுன்னு ஆராயணும்" என்கிறாளாம்.

ஐயா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் பத்திரத்தை வைக்காதீர்கள். விசா கிடைத்து, வேலை கிடைத்து, டாலரில் சம்பளம் வந்தால்தான் அந்தக் கடன் அடையும். மூன்றுமே உங்கள் கையில் இல்லை. அதற்கும் மேலே, அவள் அதைக் கேட்கவே இல்லை.

அவள் கேட்பது மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் ஐ.ஐ.எஸ்.சி.யில் (இந்திய அறிவியல் கழகம்), பி.இ. முடித்தவர்களே கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு நேரடியாக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைப்பது கடினம்; நேர்முகத் தேர்வில் அடிப்படைகளைத் துருவிக் கேட்பார்கள். கிடைத்துவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000 ரூபாய் உதவித்தொகை.

அவள் ஆராய நினைக்கும் துறைக்கு மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவியது 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டால். பெரிய சாஃப்ட்வேர்கள் காலம் கடந்து, செலவு மீறி, பிழைகளோடு வந்துகொண்டிருந்த நேரம் அது. நிரலை ஓட்டிப் பார்க்காமலே பிழையைப் பிடிக்க முடியுமா, நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ்கள் தானாக உருவாகுமா, நிரலை யாரும் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களின் பல வருட மாற்றங்களைப் பார்த்து அடுத்த பிழை எங்கே வரும் என்று சொல்லலாமா? இந்தத் துறைப் பேராசிரியர்கள் இன்று ஆராய்வது இவற்றைத்தான். பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரைகள். 1975இல் தொடங்கிய ஐ.சி.எஸ்.இ. என்ற சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாடு இந்தத் துறையில் முதன்மையானது, 2014இல் ஹைதராபாத்திலேயே நடந்தது. நல்ல கட்டுரைகூட ஓரிரு முறை நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும். அதைத் தாங்கத் தெரிய வேண்டும்.

முடிக்க ஐந்து வருடம் ஆகலாம். அதற்குள் கூடப் படித்தவர்கள் நிறையச் சம்பாதிப்பார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஐ.ஐ.டி.யில் முதல் நிலை (கிரேடு 1) உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 1,01,500 ரூபாய், அதற்கு பிஎச்.டி.க்குப் பின் மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். பிஎச்.டி. படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்துங்கள்.

கேம்பஸில் வேலை கிடைத்தால் விட வேண்டாம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். நிஜ சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டிய அனுபவம் இந்த ஆராய்ச்சிக்கு நேரடியாக உதவும். இப்போதைக்கு, இரண்டு பேராசிரியர்களின் சமீபத்திய கட்டுரைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களிடம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் அவளே விசாரிக்கட்டும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கேட் விண்ணப்பத்தை நிரப்பட்டும்.