குழந்தையின் சொற்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சொந்த ஊர் ஈரோடு. கணவர் நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை (படுகர் ஊர்) சேர்ந்த படுகர். மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். நாங்கள் இருவரும் அவனிடம் தமிழில் பேசுகிறோம். பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் படுக மொழியில் பேசுவார். அவன் சொல்லும் தமிழ்ச் சொற்கள் 15 இருக்கும். மற்றதெல்லாம் அவனே உண்டாக்கியவை. பஸ் கிளம்பினாலும் எதிர்மலையை மேகம் மூடினாலும் 'ஊயா' என்கிறான். வாயைத் தொட்டு 'அல்லு' என்கிறான். பால் கேட்க 'ஆலு'. "ரெண்டு பாஷையில குழம்பிட்டான், ஒண்ணை நிறுத்துங்க" என்று உறவினர்கள் சொன்னதிலிருந்து மாமியார் தமக்குச் சரியாக வராத தமிழில் அவனிடம் பேசப் பார்க்கிறார். அவர் பேச்சே குறைந்துவிட்டது. என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் பழையபடி படுக மொழியிலேயே பேசட்டும். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வராத மொழியில் அவர் பேசினால் குழந்தைக்குக் கிடைப்பது வா, சாப்பிடு, தொடாதே என்று நாலு ஏவல்தான். கதையும் கொஞ்சலும் போய்விடும். குழந்தை மொழியைப் பிடிப்பதே அவற்றிலிருந்துதான். தமிழ் அவனுக்கு உங்களிடமிருந்தும் அங்கன்வாடியிலும் பஸ்ஸிலும் டிவியிலும் வந்து சேரும். படுக மொழி அப்படி வராது. 2011 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுகிறவர்களே சுமார் 1.3 லட்சம் பேர்தான். பாட்டி நிறுத்திவிட்டால் அவனுக்கு அது போனதுதான்.

அப்புறம், நீங்கள் எழுதியிருக்கும் சொற்கள். 'அல்லு', 'ஆலு' இரண்டும் அவன் உண்டாக்கியவை என்று எனக்குத் தோன்றவில்லை. படுக மொழியில் பல்லுக்கு ஹல்லு, பாலுக்கு ஹாலு. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் ப வரும் பல இடங்களில், கன்னடத்தைப் போல அங்கேயும் ஹ வருகிறது. இந்த வயதுக் குழந்தையின் வாயில் அந்த ஹ எளிதில் உதிர்ந்துவிடும். அவன் பாட்டியின் சொல்லைத்தான் சொல்கிறான். தமிழுக்குப் பழகிய காதுக்கு அது புதுச் சொல்லாகக் கேட்கிறது. மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து மீதிச் சொற்களையும் கேட்கச் சொல்லுங்கள். இன்னும் சில அவருக்குப் புரியக்கூடும்.

'ஊயா' உண்மையிலேயே அவனுடையதாக இருக்கலாம். அதுவும் சொல்தான். ஒரே ஒலி ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் அது வெறும் மழலை ஒலி இல்லை. மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே தன் மகனின் பேச்சை ஒன்பதாம் மாதத்திலிருந்து குறித்து வைத்தார். ஆங்கிலச் சொற்கள் வருவதற்கு முன்பே அவனுக்கென்று சில ஒலிகள் இருந்தன. 'நநநந' என்றால் அதைக் கொடு என்று பொருள். ஒரே மொழி பேசும் வீடுகளிலும் இது நடக்கிறது. ஆகவே இதைக் குழப்பம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸையும் எதிர்மலையையும் ஒரே சொல்லில் சேர்த்திருக்கிறான் பாருங்கள், மறைந்துபோவது என்றால் என்னவென்று அவனுக்குப் பிடிபட்டிருக்கிறது! எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. அவன் 'ஊயா' என்றால் திருத்த வேண்டாம். "ஆமா, பஸ் போயிடுச்சு" என்று நீங்கள் சொல்லுங்கள். பாட்டி அதையே தம் மொழியில் சொல்லட்டும்.

சொற்களை எண்ணும்போது தமிழை மட்டும் எண்ணக் கூடாது. தமிழ், படுகம், அவனுடைய சொந்தச் சொல் எல்லாம் ஒரே கணக்கு. பால், ஹாலு இரண்டையும் சொன்னால் அது இரண்டு சொல். 'இன்னும் ஆலு' என்றால் இரண்டு மொழி கலந்திருந்தாலும் அது ஒரு வாக்கியம். இரண்டு வயதை ஒட்டி மொத்தம் ஐம்பது சொல் அளவுக்கு வந்து, இரண்டு சொற்களைச் சேர்க்கவும் தொடங்கினால் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ரெண்டு மொழி வீடு, மெதுவாத்தான் பேசுவான்" என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அதையும் நம்பாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாமதம் இருந்தால் காரணம் வேறு, அதைத் தேட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதாகியும் எந்த மொழியிலும் சொற்களைச் சேர்க்கவில்லை, வந்த சொல் நின்றுபோனது – இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். மலைக் குளிரில் அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தை என்றால் இது இன்னும் முக்கியம். நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் வலியே இல்லாமல் கேட்பது மங்கிவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. அங்கன்வாடிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அவர்கள் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

போகும்போது ஒரு நோட்டில் அவன் சொற்களை எல்லாம் பொருளோடு எழுதிக்கொண்டு போங்கள். கீழே இருந்து வந்த மருத்துவருக்குப் படுக மொழி தெரியாமல் இருக்கலாம். அவர் 'அல்லு'வைச் சொல்லாகவே எண்ணமாட்டார். முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.