புது சர்வருக்கு மாத்தினதும் டேட்டாபேஸ் ஏன் ஸ்லோ ஆகுது?
பழைய சர்வர்ல நல்லா ஓடின மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், 64 ஜிபி ராம் இருக்கிற புது மெஷினுக்கு வந்ததும் இழுக்குதுன்னா, ஹார்டுவேரைத் திட்டுறதுக்கு முன்னாடி பஃபர் பூல் சைஸைப் பாருங்க. அடிக்கடி தேவைப்படுற டேட்டாவை டிஸ்க்லேர்ந்து எடுத்து ராம்ல வச்சுக்கிற இடம்தான் அது. டேட்டாவை மட்டும் காப்பி பண்ணிட்டு பழைய கான்ஃபிக் ஃபைலை, அதாவது செட்டிங்ஸ் இருக்கிற ஃபைலை, விட்டுட்டீங்கன்னா பூல் டீஃபால்ட்டா வெறும் 128 எம்பிதான் இருக்கும், அப்புறம் எவ்வளவு ராம் போட்டாலும் டேட்டாபேஸ் அந்த 128 எம்பில இடம் இல்லாம ஒண்ணை வெளிய தள்ளி இன்னொண்ணை உள்ள இழுத்துட்டே கிடக்கும்.

அடுப்பு பக்கத்துல அஞ்சறைப்பெட்டி இருந்தா கடுகு உடனே கைக்கு வரும், அதே பெட்டி தீப்பெட்டி அளவுல இருந்தா ஒவ்வொரு தாளிப்புக்கும் பரண்ல ஏறி டப்பா இறக்கணும், கிச்சன் பெருசா இருந்து என்ன பிரயோஜனம்?

மைஎஸ்க்யூஎல்ல ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்ங்கிற கமாண்டைப் போட்டு, பஃபர் பூல் ரீட்ஸ் எண்ணிக்கை மளமளன்னு ஏறுதான்னு பாருங்க, ஏறினா டிஸ்க் பக்கம் ஓடுதுன்னு அர்த்தம். டேட்டாபேஸுக்குன்னே உள்ள மெஷின்னா ராம்ல 70, 80 சதவீதம் வரைக்கும் பஃபர் பூலுக்குத் தாராளமா குடுக்கலாம். ரீஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் ஸ்லோவாதான் இருக்கும், பூல் நிரம்பணும்ல, அதுக்குள்ள பதறிடாதீங்க.

ராம் நிறைய ஃப்ரீயா இருக்கு, அதனால மெமரி பிரச்சினை இல்லன்னு பலர் நினைக்கிறாங்க, ஆனா இங்க அந்த சும்மா கிடக்கிற ராம்தான் பிரச்சினைக்கே அடையாளம்.