டெல்டாவில் வாரச்சந்தைகள் ஏன் சுருங்கின? சூப்பர்மார்க்கெட்தான் காரணமா?

சூப்பர்மார்க்கெட் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அது கடைசியில் வந்தது. சந்தை அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது.

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் சந்தைப் பிழைப்பே நெல்லை நம்பித்தான். அறுவடைக் கூலி நெல்லாகக் கிடைத்த காலத்தில், பெண்கள் அதைக் கொண்டுபோய்ப் படியால் அளந்து போட்டுவிட்டுக் கருவாடும் மண்சட்டியும் வாங்கி வருவார்கள். அறுவடை இயந்திரம் வந்ததும் கூலிநெல் போனது, கருக்கரிவாளுக்கும் வேலை குறைந்தது. டிராக்டர் வந்து உழவு மாட்டை ஓரங்கட்டியது. மாடு போனால் மூக்கணாங்கயிறும் லாடமும் விற்றவர் மட்டும் எப்படி நிற்பார்? விளைந்த நெல்லோ நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது.

அப்புறம் காய்கறி. 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் அது தினமும் நடப்பது. போதாததற்கு, மினி வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வெங்காயம் வாசலுக்கே வந்துவிடுகிறது. வாரம் முழுக்க யார் காத்திருப்பார்கள்?

அதற்காக எல்லாச் சந்தையும் படுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கருவாடு, நாட்டுக்கோழி வரும் இடங்களில் கூட்டம் இருக்கிறது. கோழியைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆளுக்குப் பாக்கெட் கறி மேல் நம்பிக்கை வராது.