‘பார்’, ‘காண்’: இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானா?

கேள்வி கேட்டவர் தமிழ் படித்துக்கொண்டிருப்பவர் போலிருக்கிறது. அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் போட்டிருக்கிறது, சென்னை நண்பர்கள் எல்லாவற்றுக்கும் ‘பார்த்தேன்’ என்கிறார்கள், இலங்கைக்காரர்கள் மட்டும் ‘கண்டேன்’ என்கிறார்கள். இது வெறும் ஊர்ப் பேச்சா, பொருளிலும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. நான் அதை இலக்கண வகுப்பில் கற்கவில்லை. கொழும்பில் ஒரு கண் கிளினிக்கில், அம்மாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது கற்றேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கற்றரக்ட், அதாவது கண்புரை. வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சுவரில் வழக்கமான எழுத்து அட்டை. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறிதாகும். 1862இல் ஸ்னெலன் என்ற ஒல்லாந்துக் கண் வைத்தியர் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும். ஆறு மீற்றர் தள்ளியிருந்து வாசிக்க வேண்டும். அட்டைக்குப் பக்கத்தில் கையில் குச்சியோடு நின்ற மிஸ் (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சிங்களவர், நல்ல மனம், கொஞ்சம் தமிழ் கதைப்பார். மேல் எழுத்தில் குச்சியை வைத்து, “அம்மா, பார்க்கிறதா?” என்று கேட்டார்.

“ஓம் பிள்ளை, பாக்கிறன்.”

குச்சி அடுத்த வரிக்கு இறங்கியது. “இது பார்க்கிறதா?”

“அதையும் பாக்கிறன்.”

இப்படியே கடைசி வரி வரைக்கும் போய்விட்டார்கள். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இந்த மனிசிக்கு எதற்கு ஒப்பரேஷன் என்ற கேள்வி இருந்தது. எனக்கும் சந்தேகம் தட்டியது. “அம்மா, அது என்ன எழுத்து?” என்றேன்.

“எந்த எழுத்து? சுவர் வெள்ளையாக் கிடக்கு. பிள்ளை பாக்கச் சொன்னவா, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

பிறகு எல்லாம் முதலிலிருந்து. அட்டையின் முதல் எழுத்தே பிடிபடாவிட்டால் கிட்ட வந்து விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் கையை அசைப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் வெளிச்சம் அடித்துக் கேட்பார்கள். அம்மா வலது கண்ணால் விரல் எண்ணினா. இடது கண்ணால் கை ஆடுவதை மட்டும் சொன்னா.

பிழை யாரிடமும் இல்லை. மிஸ் மனதில் வைத்திருந்த கேள்வி ‘பேனவத?’ என்பது. சிங்களத்தில் கண்ணை ஒன்றின்மேல் செலுத்துவது ‘பலனவா’, ஒன்று கண்ணில் படுவது ‘தகினவா’, ஒன்று கண்ணுக்குப் புலப்படுவது ‘பேனவா’. நம்முடைய பார், காண், தெரி மூன்றும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவருக்கு வேண்டியிருந்தது ‘தெரியுதா?’. கைக்குக் கிடைத்தது ‘பார்’. அம்மாவோ கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னா. பார்ப்பதற்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். பார்ப்பது நாம் செய்யும் வேலை. காண்பது அந்த வேலையில் கைக்கு வருவது, அல்லது வேலையே செய்யாமல் தானாக வந்து கண்ணில் படுவது. எல்லாத் தமிழரும் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: “தேடிப் பார்த்தேன், காணவில்லை.” இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். “தேடிக் கண்டேன், பார்க்கவில்லை” என்றால் கேட்பவர் உங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

ஏவலில் வைத்துச் சோதிக்கலாம். ‘பார்!’ என்று ஒருவருக்குக் கட்டளையிடலாம். கொழும்பில் காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடக்கும் பிள்ளையிடம் ‘பார்த்துப் போ’ என்கிறோம். பேச்சில் ‘காண்!’ என்று யாரும் ஏவுவதில்லை. கிடைப்பதைக் கட்டளையிட முடியாதே. இன்னொரு சோதனை, வேறு வினைக்குப் பின்னால் வந்து ஒட்டும் ‘பார்’. சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், தொட்டுப் பார், முகர்ந்து பார். இதில் ஒன்றிலும் கண்ணுக்கு வேலையே இல்லை; முயற்சி மட்டும்தான் மிச்சம். ‘சாப்பிட்டுக் காண்’ என்று சொல்வாரில்லை. வேலை பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, நாள் பார்ப்பது, சாதகம் பார்ப்பது, பொம்பிளை பார்ப்பது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் இந்த வகைதான், ஒருவர் மினக்கெட்டுச் செய்பவை. மறுபக்கம், கனவு காண்கிறோம். கனவைப் பார்க்கப் போனவர் எவரும் இல்லை, அது தானாக வருகிறது. ஒளித்திருந்ததைக் கண்டுபிடிக்கிறோம், அதைப் ‘பார்த்துப்பிடிக்க’ முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த சோடி ‘கொள்’ சேர்ந்தது. “அவன் தாயைப் பார்த்துக்கொள்ளவில்லை” என்றால் பராமரிக்கவில்லை. “அவன் தாயைக் கண்டுகொள்ளவில்லை” என்றால் முன்னால் நின்றும் நிற்காததுபோல் விட்டுவிட்டான். முதலாவதில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை, இரண்டாவதில் கண்ணில் பட்டதைக்கூட மனதில் எடுக்கவில்லை. எது பெரிய கொடுமை என்பது தாய்மாரைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு சோடி அம்மாவுக்கு நீரிழிவு வைத்தியர் சொன்னது: “கண்டபடி சாப்பிடக் கூடாது, பார்த்துச் சாப்பிட வேணும்.” கண்ட சாப்பாடு, கண்ட இடம், கண்ட கண்ட ஆட்கள் என்பதெல்லாம் கண்ணில் பட்டவை, நாம் தெரிவு செய்யாதவை. பார்த்துச் சாப்பிடுவது தெரிவு செய்து சாப்பிடுவது. ஒரே வரியில் இரண்டு வினையையும் எதிரெதிரே நிறுத்தி வைத்தியர் ஒரு இலக்கணப் பாடம் நடத்திவிட்டார். அம்மா பாடத்தைக் கேட்டா. வழியில் ஒரு உளுந்து வடையைக் கண்டா.

சரி, இலங்கைப் பேச்சுக்கு வருவோம். இங்கே இந்த வேறுபாடு அன்றாடக் கதையிலேயே உயிரோடு இருக்கிறது. “நேற்று மாக்கெற்றில மாமியைக் கண்டனான்” என்றால் வழியில் எதிர்ப்பட்டா. “நேற்று மாமியைப் பாக்கப் போனனான்” என்றால் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனேன். முதலாவது வசனத்துக்காக மாமி கோபிக்க மாட்டா. வருசம் முழுக்க முதலாவது மட்டும் நடந்தால் கோபிப்பா. தமிழ்நாட்டுப் பேச்சில் இரண்டையும் ‘பார்த்தேன்’ என்றே முடித்துவிடுகிறார்கள், போனதா எதிர்ப்பட்டதா என்பதைச் சுற்றியுள்ள சொற்கள் சொல்லும். ஆனால் அங்கேயும் காண் செத்துப்போகவில்லை. சாவி தொலைந்தால் ‘காணோம்’ என்றுதான் தேடுகிறார்கள். ஆகவே, வட்டார வழக்கா என்ற கேள்விக்குப் பாதி ஓம். எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பொருள் வேறுபாடு பொதுச் சொத்து.

மலையாளத்தில் இது இன்னும் தெளிவு. அங்கே கண்ணைச் செலுத்துவதற்கு ‘நோக்கு’, கண்ணில் படுவதற்குக் ‘காண்’. பழந்தமிழிலும் பார்ப்பதற்கு ‘நோக்கு’ நன்றாகவே புழங்கியது. “யான்நோக்குங் காலை நிலன்நோக்கும்” என்ற குறளில் அவன் நோக்கினால் அவள் நிலத்தை நோக்குகிறாள்; இரண்டுமே வேண்டுமென்றே செய்வது. அந்த இடத்தில் ‘காண்’ போட்டிருந்தால் அவளுடைய கள்ளத்தனம் முழுக்கப் போயிருக்கும்.

இலங்கைக் காணுக்கு இன்னொரு பொருளும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் வெள்ளவத்தையில் சாப்பிடப் போய் மாட்டுவீர்கள். ‘காணும்’ என்றால் இங்கே போதும். ‘காணாது’ என்றால் போதாது. சென்னையிலிருந்து வந்த என் நண்பருக்கு அம்மா சோறு போட்டுவிட்டு, “காணுமோ தம்பி?” என்று கேட்டா. அவர் மேசைக்குக் கீழே குனிந்து தேடத் தொடங்கினார். கறி காணாது, சம்பளம் காணாது, நேரம் காணாது என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்வோம். கண்ணுக்கு நிறைவாகப் படும் அளவு இருந்தால் அது காணும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

இரண்டு வினைக்கும் இடையில் ஒரு நாடே காத்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நோன்பு தொடங்கும் காலத்தில் கொழும்பில் இருக்க வேண்டும். இஸ்லாமிய மாதத்தின் 29ஆம் நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை பார்க்கும் மாநாடு கூடும். பார்ப்பது எல்லா ஊரிலும் நடக்கும், வானத்தை யாரும் அண்ணாந்து பார்க்கலாம். கண்டதாகச் சாட்சி வர வேண்டும், அதுதான் விசயம். கண்டால் மறுநாள் புதிய மாதம்; காணாவிட்டால் நடக்கும் மாதம் 30 நாளாகப் பூர்த்தியாகும். எங்கள் மாடிக்கு எதிர்மாடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் அன்றைக்கு மொட்டைமாடியில் நின்று, “பார்த்துட்டோம், பார்த்துட்டோம்” என்று கத்துவார்கள். “கண்டீங்களா?” என்று அவர்களுடைய வாப்பா கீழேயிருந்து கேட்பார். சத்தம் நின்றுவிடும்.

‘தெரி’யை மறந்துவிட்டேன். தெரிவதில் நமக்கு ஒரு பங்கும் இல்லை, பொருள்தான் எழுவாய், நாம் ‘எனக்கு’ ஆகி ஓரத்தில் நின்றுவிடுகிறோம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல் உயரம். கொழும்பில் எந்தச் சந்தியில் திரும்பினாலும் தெரிகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை. அது என்னை விடுவதாக இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் விதியை நானே கொஞ்சம் இளக்க வேண்டும். பத்திரிகை தமிழில் “போட்டியைக் காண ரசிகர்கள் திரண்டனர்” என்று எழுதுவார்கள். பிரேமதாச மைதானத்துக்குப் பணம் கொடுத்து, மழை பெய்யும் என்று தெரிந்தும் போகிறவன் தற்செயலாகவா போகிறான்? “உங்களைக் காண வந்தேன்” என்பதும் அப்படியே. இதை வெறும் எழுத்து அலங்காரம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘பார்க்க வந்தேன்’ என்பவர் வந்த வேலையைச் சொல்கிறார், ‘காண வந்தேன்’ என்பவர் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதைச் சொல்கிறார். அதனால்தான் இரண்டாவதில் கொஞ்சம் ஏக்கம் ஒட்டிக்கொள்கிறது.

பாடசாலையில் சைவசமயம் படித்தவர்களுக்கு அளவைகள் ஞாபகம் இருக்கலாம்: காண்டல், கருதல், உரை. ஒன்றை அறிவதற்கான வழிகளில் முதலாவது காண்டல். அதற்குப் ‘பார்த்தல்’ என்று பெயர் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. பார்த்ததால் மட்டும் அறிவு வந்துவிடாது என்பதற்கு என் அம்மாவும் அந்த எழுத்து அட்டையும் சாட்சி. காட்டு என்ற சொல்லும் காணில் பிறந்ததுதான், உண்ணச் செய்வது ஊட்டுவது போலக் காணச் செய்வது காட்டுவது.

இந்த நாட்டில் இந்தச் சொல்லைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஒரு அலுவலகத்தை உருவாக்கியது. அதன் தமிழ்ப் பெயர் ‘காணாமற்போன ஆட்கள்’ என்று தொடங்கும். தங்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ என்று திருத்துவார்கள். போனது தானாக நடப்பது, ஆக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். காண் என்ற வினையில் செய்தவன் மறைந்து நிற்கலாம் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். வலது கண்ணில் ஒப்பரேஷன் நடந்து, மறுநாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். அதே மிஸ்தான். இந்த முறை அவர் கவனமாக, “அம்மா, தெரியுதா?” என்று கேட்டார். யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வந்திருக்க வேண்டும். அம்மா அவரை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தா.

“வடிவாத் தெரியுது பிள்ளை. உங்கட சட்டையில ஒரு பொத்தானைக் காணேல்லை.”